மூன்று முறை முதலிடம், கடைசியில் ஆறாவது: ஜோவிட்டோ சலோங்கா

1992 மே மாதம் பிலிப்பைன்ஸில் அதிபர் தேர்தல் நடந்தது. ஏழு பேர் போட்டி. ஃபிடல் ராமோஸ் 24 சதவீத ஓட்டுகூட வாங்காமலே ஜெயித்துவிட்டார், ஏனென்றால் அங்கே இரண்டாம் சுற்று என்று ஒன்று கிடையாது, யாருக்கு அதிகமோ அவர்தான் அதிபர். எனக்கு அந்த முடிவுப் பட்டியலின் அடிப்பாகம்தான் சுவாரசியம். ஐந்தாவது இடத்தில் இமெல்டா மார்க்கோஸ்: 20 வருடம் நாட்டை ஆண்டுவிட்டு 1986ல் மக்கள் தெருவுக்கு வந்ததும் குடும்பத்தோடு ஹவாய்க்கு ஓடிய ஃபெர்டினாண்ட் மார்க்கோஸின் மனைவி. ஆறாவது இடத்தில் ஜோவிட்டோ சலோங்கா: அந்தக் குடும்பம் சுருட்டிய பணத்தை உலகம் முழுக்கத் தேடிப் பிடிக்க அரசு அமைத்த ஆணையத்தின் முதல் தலைவர். இரண்டு பேருக்கும் நடுவில் சுமார் 36,000 ஓட்டு வித்தியாசம். தேடப்பட்டவர் முன்னே, தேடியவர் பின்னே.

இந்த சலோங்கா யாரோ முகம் தெரியாத வக்கீல் இல்லை. 1965, 1971, 1987 என்று மூன்று செனட் தேர்தல்களில், மூன்று வெவ்வேறு காலகட்டங்களில், நாட்டிலேயே அதிக ஓட்டு வாங்கி முதலிடத்தில் வந்தவர். அப்படிப்பட்டவர் அதிபர் தேர்தலில் 10 சதவீதத்தோடு நின்றுபோனது ஏன் என்று யோசித்தால், அந்த நாட்டு அரசியல் எப்படி ஓடுகிறது என்பதும் கொஞ்சம் பிடிபடும், இந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்பதும் பிடிபடும்.

முதலில் அந்த செனட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மொத்தம் 24 பேர். மாநிலவாரியாகவோ தொகுதிவாரியாகவோ வருபவர்கள் இல்லை, முழு நாடும் ஒரே தொகுதி. ஆயிரக்கணக்கான தீவுகளில் எந்த மூலையில் இருக்கும் வாக்காளரும் அதே வேட்பாளர் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் வாக்குச்சீட்டில் பெயர்களைக் கையால் எழுத வேண்டும். 1965லும் 1971லும் எட்டு பெயர்கள், மார்க்கோஸ் போட்ட ராணுவச் சட்டக் காலம் முடிந்து செனட்டைப் புதிதாகக் கூட்டிய 1987ல் 24 பெயர்கள். ஆக ஒருவர் எல்லோருடைய முதல் தேர்வாகவும் இருக்க வேண்டியதில்லை. கோடிக்கணக்கான பேர் தங்கள் கட்சிக்காரர்கள் பெயரை எழுதிவிட்டு, மிச்சமிருக்கும் ஒரு வரியில் "சரி, இவர் நல்ல மனுஷன், இவரையும் எழுதுவோம்" என்று நினைத்தாலே போதும், அவர் முதலிடத்துக்கு வந்துவிடலாம். அதிபர் தேர்தலில் இருப்பது ஒரே ஒரு வரி.

சலோங்கா 1920 ஜூன் 22ம் தேதி பாசிக்கில் பிறந்தார். இன்று மணிலா பெருநகரத்தோடு ஒட்டிப்போன நகரம், அன்று ரிசால் மாகாணத்தில் ஒரு ஊர். அப்பா பிரெஸ்பிடீரியன் சபையின் பாதிரியார், அதாவது கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக இருக்கும் நாட்டில் ஒரு புராட்டஸ்டண்ட் குடும்பம். அம்மா சந்தையில் வியாபாரம் செய்தவர். ஐந்து பையன்களில் இவர் கடைசி. அண்ணனுடைய அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்துக்கொண்டே சட்டம் படித்தார். படிப்பு முடியும் முன் 1941 டிசம்பரில் ஜப்பான்காரர்கள் வந்துவிட்டார்கள். ரகசிய எதிர்ப்பு வேலைகளில் இறங்கி 1942ல் மாட்டிக்கொண்டார். வயதான அப்பாவின் கண் முன்னாலேயே அவரைச் சித்திரவதை செய்தார்கள். 15 வருடக் கடுங்காவல் என்று தீர்ப்பு. ஆனால் 1943 பிப்ரவரியில் ஜப்பானின் தேசிய தினத்தை ஒட்டிக் கொடுத்த பொதுமன்னிப்பில் வெளியே வந்துவிட்டார்.

வெளியே வந்தவர் 1944ல் வக்கீல் தேர்வு எழுதினார். 95.3 சதவீதம், முதலிடம். அதே 95.3 வாங்கி அவரோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர் ஹோசே டியோக்னோ, பின்னாளில் செனட்டர், மார்க்கோஸ் ராணுவச் சட்டம் போட்டதும் முதலில் சிறைக்குப் போனவர்களில் ஒருவர். போரினால் படிப்பு குலைந்துபோன காலம் என்பதால் தேர்வு எழுதும்போது இரண்டு பேர் கையிலும் சட்டப் பட்டம் இல்லை. அப்புறம் சலோங்கா பட்டத்தை முடித்து, ஹார்வர்டில் முதுகலை, யேலில் முனைவர். யேலில் ஆசிரியர் வேலைக்கு அழைப்பு வந்தும், போரில் நொறுங்கிக் கிடந்த ஊருக்கே திரும்பிவிட்டார். சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தி டீன் ஆகி, 1961ல் லிபரல் கட்சி சார்பில் ரிசால் மாகாணத்திலிருந்து கீழவைக்குப் போனார்.

போன இரண்டாவது வருடமே ஒரு பெரிய விவாதத்தில் முன்னால் வந்து நின்றார். அப்போதைய அதிபர் மக்கபகால், லிபரல் கட்சிக்காரர்தான், சபா (வடக்கு போர்னியோ) தங்களுக்குச் சொந்தம் என்று 1962ல் உரிமை கோரியிருந்தார். தேசபக்தி உச்சத்தில் இருந்த விஷயம். செனட்டர் சுமுலோங் அதை எதிர்த்துப் பேசினார். சலோங்கா 1963 மார்ச்சில் எழுந்து நின்று, உரிமைக்கோரலை ஆதரித்து, அந்தப் பேச்சுக்குப் புள்ளிக்குப் புள்ளி பதில் கொடுத்தார். இன்றைக்கும் சபா விவகாரம் கிளம்பும்போதெல்லாம் அந்த இரண்டு பேச்சுகளையும் யாராவது எடுத்துப் போடுகிறார்கள்.

1965ல் மார்க்கோஸ் அதிபராக ஜெயித்த அதே தேர்தலில், எதிர்முகாமின் சலோங்கா செனட்டில் முதலிடம். பெரிய பணமும் இல்லை, பரம்பரை அரசியல் குடும்பமும் இல்லை. அடுத்த ஆறு வருடம் மார்க்கோஸின் கணக்குகளைத் தோண்டுவதுதான் வேலை. அதே லிபரல் கட்சியின் நினாய் அகீனோ 1967ல் செனட்டராக ஜெயித்தபோது, தேர்தல் நாளில் அவருக்கு 35 வயது ஆக இன்னும் சில நாள் பாக்கி இருந்தது, சட்டப்படி 35 வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். அதில் நினாய்க்காக நின்று வாதாடி பதவியைக் காப்பாற்றியவரும் இவர்தான்.

1971 ஆகஸ்ட் 21. மணிலாவின் கியாப்போ பகுதியில் பிளாசா மிராண்டா சதுக்கம். லிபரல் கட்சி தன் எட்டு செனட் வேட்பாளர்களையும் மேடையில் ஏற்றி அறிமுகம் செய்கிற பெரிய கூட்டம், தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. மேடையை நோக்கி இரண்டு கையெறி குண்டுகள் வந்து விழுந்தன. ஒன்பது பேர் செத்தார்கள், அதில் ஒரு ஐந்து வயதுக் குழந்தை, ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர். 95 பேருக்குக் காயம், எட்டு வேட்பாளர்களில் ஒருவரும் தப்பவில்லை. சலோங்காவுக்கு ஒரு கண் போய்விட்டது, ஒரு காது கேட்காமல் போனது, உடம்புக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னக் குண்டுச் சில்லுகள் கடைசிவரை தங்கிவிட்டன. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்துகொண்டே தேர்தலைச் சந்தித்தார், மறுபடி முதலிடம். எட்டு இடங்களில் ஆறு லிபரல் கட்சிக்கு.

குண்டு வீசியது யார்? அன்று கேட்டிருந்தால் தெருவில் போகிற சின்னப் பையனும் மார்க்கோஸ் என்று சொல்லியிருப்பான். மார்க்கோஸோ கம்யூனிஸ்டுகளைக் கைகாட்டி, கைது செய்தவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோரும் உரிமையையே நிறுத்தி வைத்தார். அடுத்த வருடம் ராணுவச் சட்டம் வந்தது. எதிர்க்கட்சிக்கு இது கையில் கிடைத்த பெரிய ஆயுதம், பல தலைமுறைக்குச் சொல்லிக் காட்டலாம். ஆனால் சலோங்கா பிற்காலத்தில், இயக்கத்தை விட்டு விலகிய முன்னாள் கம்யூனிஸ்டுகள் சொன்னதையெல்லாம் எடைபோட்டுப் பார்த்து, இதைச் செய்தது மார்க்கோஸ் இல்லை, கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஹோசே மரியா சிசோன்தான் காரணம் என்ற முடிவுக்கு வந்து, தன் வாழ்க்கை வரலாற்றிலும் அப்படியே எழுதினார். சிசோன் சாகும்வரை மறுத்தார், எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை, அதனால் நானும் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நான் கவனிப்பது வேறு ஒன்றை. மார்க்கோஸை வாழ்நாள் முழுக்க எதிர்த்த ஆள், அந்தக் குண்டில் ஒரு கண்ணையே இழந்த ஆள், மார்க்கோஸ் தலையிலிருந்து அந்தப் பழியைத் தானே இறக்கி வைக்கிறார். அது அவருக்கு எந்தப் பக்கத்திலும் நண்பர்களைச் சேர்த்துத் தந்திருக்காது. (நினாய் அகீனோ அன்று மேடைக்கு இன்னும் வந்து சேரவில்லை, அதனால் பிழைத்தார். சரியாக 12 வருடம் கழித்து, அதே ஆகஸ்ட் 21, மணிலா விமான நிலையத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.)

ராணுவச் சட்டக் காலத்தில் செனட் மூடிக் கிடந்தது. சலோங்கா பழையபடி வக்கீல் ஆனார், அரசியல் கைதிகளுக்காக வாதாடினார். 1980ல் மணிலாவில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தபோது அவர் பெயரையும் அதில் இழுத்தார்கள். கைது செய்ய ராணுவம் போன இடம் ஆஸ்பத்திரி அறை, ஆஸ்துமா முற்றி அங்கே படுத்திருந்தார். பிறகு போனிஃபாசியோ கோட்டையில் தனிமைச் சிறை. ஆதாரம் என்ன தெரியுமா? வெடிகுண்டு வைத்திருந்து அது கையிலேயே வெடித்துக் காயப்பட்ட ஒருவரோடு சலோங்கா இருக்கும் குழுப் புகைப்படம். லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு முன்னாள் எம்.பி. வீட்டுப் பிறந்தநாள் விருந்தில் எடுத்தது. கல்யாண வீட்டு ஆல்பத்தை வைத்துக்கொண்டு சதி வழக்குப் போடுகிற மாதிரிதான். சீர்திருத்தம் வராவிட்டால் நாட்டில் வன்முறை வெடிக்கலாம் என்று அவர் சொன்னதாகச் சொல்லப்பட்டதும் இன்னொரு 'ஆதாரம்'. ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டு மனைவியின் பொறுப்பில் விட்டார்கள், 1981ல் சிகிச்சைக்காக அமெரிக்கா போனவர் அங்கேயே நான்கு வருடம் தங்க வேண்டியதாயிற்று.

1985 ஜனவரியில் திரும்பி வந்தார். அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் தீர்ப்பு எழுதியது. அதற்குள் கீழ் நீதிமன்றமே குற்றச்சாட்டைக் கைவிட்டுவிட்டதால் தீர்ப்பே தேவையில்லாமல் போயிருந்தது. இருந்தும், இனிமேல் வரும் வழக்குகளுக்கு வழிகாட்டட்டும் என்று நீதிபதிகள் எழுதினார்கள், அவர் சொன்னதாகச் சொல்லப்படும் கருத்து வெறும் பேச்சுரிமைதான் என்றும் சொன்னார்கள். மார்க்கோஸ் ஆட்சியில் இருந்தபோதே வந்த தீர்ப்பு இது. இன்றும் அங்கே சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள்.

1986 பிப்ரவரியில் மார்க்கோஸ் ஓடினார், நினாயின் மனைவி கொரி அகீனோ அதிபரானார். பதவியேற்ற மூன்று நாளில், பிப்ரவரி 28ம் தேதி, அவர் போட்ட முதல் நிர்வாக ஆணையே, சுருட்டிய சொத்தை மீட்கும் ஆணையம் ஒன்றை அமைப்பதுதான், தலைவர் சலோங்கா. இந்த வேலையில் நேரம்தான் எல்லாம்; ஒரு வாரம் தாமதித்தால் பணம் வேறு நாட்டில், வேறு பெயரில் இருக்கும். அரண்மனையில் விட்டுச் சென்ற காகிதங்களில் வில்லியம் சாண்டர்ஸ், ஜேன் ரயன் என்று இரண்டு பெயர்கள் கிடைத்தன. 1968லேயே ஜூரிக் வங்கி ஒன்றில் மார்க்கோஸும் இமெல்டாவும் கணக்குத் திறக்க வைத்துக்கொண்ட புனைபெயர்கள். அடுத்த மாதமே சுவிட்சர்லாந்து அரசு அவர்கள் கணக்குகளை முடக்கியது. நியூயார்க்கில் நான்கு பெரிய கட்டடங்களை விற்க முடியாதபடி நீதிமன்றத் தடை வாங்கினார்கள். அதில் ஒன்று வால் ஸ்ட்ரீட் 40ம் எண், பின்னாளில் டொனால்ட் டிரம்ப் கைக்குப் போன அதே கட்டடம்.

சலோங்கா மொத்தச் சுருட்டலை 500 கோடி முதல் 1,000 கோடி டாலர் என்று மதிப்பிட்டார். அது மதிப்பீடுதான். ஆனால் 2003ல் உச்ச நீதிமன்றம் சுவிஸ் பணத்தைப் பறிமுதல் செய்து எழுதிய தீர்ப்பில் வரும் கணக்கு வெறும் கூட்டல் கழித்தல். பதவியில் இருந்த காலம் முழுவதும் கணவன் மனைவி இருவரின் சட்டப்படியான வருமானம் 3,04,372 டாலர். சுவிஸ் கணக்குகளில் இருந்தது 65 கோடி டாலருக்கு மேல். அந்தப் பணத்திலிருந்து 1,000 கோடி பெசோ ஒதுக்கி, ராணுவச் சட்டக் காலத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர 2013ல் சட்டம் வந்தது, 11,103 பேர் பாதிக்கப்பட்டவர்கள் என்று ஏற்கப்பட்டார்கள். இந்த ஆணையத்தின் மேல் பின்னாளில் நிறையப் புகார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். இவர் 1987ல் செனட் தேர்தலுக்காக விலகிய பிறகு வழக்குகள் பல வருடக்கணக்கில் ஜவ்வாக இழுத்தன.

1987ல் மூன்றாவது முதலிடம், பிறகு செனட் தலைவர். இந்தக் காலத்தில் அவர் கொண்டுவந்த சட்டங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், 1991ல் வந்த பெருங்கொள்ளைத் தடுப்புச் சட்டம். சாதாரண லஞ்ச வழக்கு போதாது, பதவியில் இருந்துகொண்டு தொடர்ச்சியாக, பெரிய அளவில், அப்போதைய வரையறைப்படி 7.5 கோடி பெசோ அல்லது அதற்கு மேல் (பின்னர் 5 கோடியாகக் குறைத்தார்கள்) குவிப்பது தனிக் குற்றம். யாரை மனதில் வைத்து எழுதினார் என்று விளக்கத் தேவையில்லை. யார் மாட்டினார்கள் என்பது அப்புறம் வரும்.

இப்போது 1991 செப்டம்பருக்கு வருவோம், அவர் பெயர் இன்றும் பேசப்படுவது இதனால்தான். 1947ல் போட்ட ஒப்பந்தப்படி அமெரிக்காவுக்கு பிலிப்பைன்ஸில் படைத்தளங்கள்; முக்கியமானவை கிளார்க் விமானத்தளம், சுபிக் விரிகுடாக் கடற்படைத்தளம். முதலில் 99 வருடம் என்று இருந்ததை 1966ல் 25 வருடமாகக் குறைத்தார்கள், அது 1991 செப்டம்பர் 16ம் தேதி முடிகிறது. 1987ன் புதிய அரசியல் சட்டம், அதற்குப் பிறகு வெளிநாட்டுப் படைத்தளம் வேண்டுமானால் செனட் ஒப்புக்கொண்ட உடன்படிக்கை வேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டது, ஒப்புதலுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு. ஜூன் மாதம் பினதுபோ எரிமலை வெடித்து கிளார்க் தளத்தைச் சாம்பலில் புதைத்தது, அமெரிக்கர்கள் அதைக் கைகழுவினார்கள். மிச்சம் சுபிக். இன்னும் 10 வருடம் இருக்கிறோம், வருடம் 20.3 கோடி டாலர் தருகிறோம் என்று ஆகஸ்டில் புதிய உடன்படிக்கை கையெழுத்தானது.

கொரி அகீனோ ஒப்புதல் கேட்டார். கேட்டது மட்டும் இல்லை, அதிபரே செப்டம்பர் 10ம் தேதி ஊர்வலமாக செனட் வாசலுக்கு வந்தார். மக்களிடம் அவருக்கு இருந்த மதிப்பை நினைத்துப் பாருங்கள். கொலையுண்ட நினாயின் மனைவி, சர்வாதிகாரியை விரட்டியவர். சுபிக்கைச் சுற்றி ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அங்கேதான் சோறு. எரிமலைச் சேதம் வேறு. கருத்துக்கணிப்புகளும் தளம் இருக்கட்டும் என்ற பக்கம்தான் சாய்ந்திருந்தன. சலோங்கா, கொரி அமைத்த ஆணையத்தின் முதல் தலைவர், கொரியின் கூட்டணியில் நின்று முதலிடம் வந்தவர், அடுத்த வருடம் அதிபர் பதவிக்கு நிற்கப் போகிறவர். ஒரு சராசரி அரசியல்வாதிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

அப்போது 23 செனட்டர்கள் இருந்தார்கள், ஒருவர் வெளியுறவு அமைச்சராகப் போய்விட்டதால். தடுக்க எட்டு பேர் போதும். எதிராக நின்றது 12 பேர், ஆதரவு 11. அந்த 12 பேரை ஒரே அறையில் உட்கார வைப்பதே கஷ்டம். ராணுவச் சட்டக் காலத்தின் பாதுகாப்பு அமைச்சர் ஹுவான் போன்சே என்ரிலே, அதாவது ஆஸ்துமாவோடு படுத்திருந்த சலோங்காவைத் தூக்கிப்போன காலத்தில் அந்த நாற்காலியில் இருந்தவர். சினிமா நடிகர் ஜோசஃப் எஸ்ட்ராடா. அதிபரின் மைத்துனர் புட்ஸ் அகீனோ. மனித உரிமை வக்கீல் ரெனே சாகிசாக். தளங்களை எதிர்த்தே காலம் கழித்த முதுபெரும் செனட்டர் லொரென்சோ டனியாடாவின் மகன் விக்பெர்ட்டோ. 93 வயது அப்பா சக்கர நாற்காலியில் பார்வையாளர் பகுதியில் இருந்தார். தலைவர் என்பதால் சலோங்கா கடைசியாக ஓட்டுப் போட்டார். தேவையான எட்டு அதற்குள் எப்போதோ தாண்டியாகிவிட்டது, உடன்படிக்கை செத்தாயிற்று. கணக்கு தெரிந்தவர் அந்த நேரத்தில் ஆதரவாக ஓட்டுப் போட்டு அதிபரோடும் அமெரிக்கத் தூதரகத்தோடும் சுமுகமாகவே இருந்திருக்கலாம், முடிவு மாறியிருக்காது. அவர் 'இல்லை' என்றார். இந்த நாட்டின் ஆன்மாவை நாம் கண்டெடுத்த நாள் இதுவாக இருக்கலாம் என்ற பொருளில் பேசினார்.

நான்கு மாதம் கழித்து, 1992 ஜனவரியில், செனட் தலைவர் பதவி கைமாறி நெப்டாலி கொன்சாலஸிடம் போனது. மே மாதம் அதிபர் தேர்தல், ஆறாம் இடம்.

தளங்களுக்கு எதிராக ஓட்டுப் போட்டதால்தான் தோற்றார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். ஏனென்றால் அந்த 12 பேரில் இன்னொருவரான எஸ்ட்ராடா அதே மே மாதத்தில் துணை அதிபராக ஜெயித்தார், அங்கே அதிபருக்கும் துணை அதிபருக்கும் தனித்தனி ஓட்டு. ஜனங்களுக்குக் கோபம் இருந்திருந்தால் அவரையும் அல்லவா தண்டித்திருக்க வேண்டும்? தண்டித்தது ஜனங்கள் என்பதைவிட, தேர்தலுக்குப் பணம் கொடுப்பவர்கள் என்று நினைக்கிறேன். எஸ்ட்ராடாவுக்கு சினிமா முகம் போதும், அவரோடு சேர்ந்து அதிபருக்கு நின்ற எதுவார்டோ கொஹுவாங்கோவோ நாட்டின் பெரிய பணக்காரர்களில் ஒருவர். சலோங்காவிடம் இரண்டும் இல்லை. வயது 71, ஒரு கண், ஒரு காது. கட்சி இயந்திரம் மணிலாவைத் தாண்டினால் நொண்டியது. நேர்மை பேசுகிற ஓட்டையும் மிரியம் சாந்தியாகோ அள்ளிக்கொண்டு போனார், இரண்டாம் இடம் அவருக்குத்தான். இன்னொரு விஷயம், கொஹுவாங்கோ மார்க்கோஸின் நெருங்கிய கூட்டாளி, சலோங்கா தலைவராக இருந்தபோது ஆணையம் கைவைத்த சொத்துகளில் அவருடையதும் உண்டு. அவர் மூன்றாவது, இமெல்டா ஐந்தாவது. இரண்டு பேர் ஓட்டையும் கூட்டினால் 28 சதவீதத்துக்கு மேல், ராமோஸ் வாங்கியதைவிட அதிகம். மார்க்கோஸ் போய் ஆறே வருடம். நான்காவதாக வந்த ரமோன் மித்ரா, பிளாசா மிராண்டா மேடையில் சலோங்காவோடு நின்று அடிபட்டவர், அவரும் இவரும் ஓட்டைப் பிரித்துக்கொண்டார்கள்.

24 பெயர் எழுதச் சொன்னபோது எல்லோருக்கும் ஞாபகம் வந்தவர், ஒரு பெயர் எழுதச் சொன்னபோது பத்தில் ஒருவருக்குத்தான் ஞாபகம் வந்தார்.

தளங்களை அனுப்பியது சரிதானா? 1992 நவம்பர் 24ம் தேதி கடைசி அமெரிக்கப் படை சுபிக்கை விட்டுப் போனது. 1995ல் சீனா, பிலிப்பைன்ஸ் உரிமை கோரும் மிஸ்சீஃப் பாறைத்திட்டைப் பிடித்தது. போகச் சொன்னதால் வந்த வினை என்று இன்றும் ஒரு கூட்டம் சொல்கிறது, அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியவில்லை. சுபிக் தளமும் கிளார்க் தளமும் இருந்த காலத்திலேயே, 1988ல், சீனா வியட்நாமோடு மோதி ஜான்சன் தென் பாறைத்திட்டைப் பிடித்தது என்று எதிர்ப்பக்கம் சொல்லும், ஆனால் அது பிலிப்பைன்ஸிடம் இருந்த இடம் இல்லையே. பொருளாதார வாதம்தான் பொய்த்துப் போனது என்று எனக்குப் படுகிறது. சுபிக் பட்டினியில் சாகவில்லை, சுதந்திர வணிக மண்டலம் ஆகி, 1996ல் ஏபெக் என்ற ஆசிய-பசிபிக் பொருளாதாரக் கூட்டமைப்பின் உச்சி மாநாடே அங்கே நடந்தது.

அதிபர் தேர்தலுக்குப் பிறகு சலோங்கா எந்தப் பதவிக்கும் நிற்கவில்லை. கிலோஸ்பாயன் என்ற குடிமக்கள் அமைப்பைத் தொடங்கி, வழக்குப் போடுவதையே அரசியலாகச் செய்தார். மலேசியத் தொடர்புள்ள நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்த கணினி லாட்டரி ஒப்பந்தத்தை 1994ல் உச்ச நீதிமன்றத்தில் 7க்கு 6 என்ற கணக்கில் ரத்து செய்ய வைத்தார், அடுத்த வருடம் திருத்திய ஒப்பந்தத்தை எதிர்த்தபோது தோற்றார். 2007ல் ரமோன் மகசேசே விருது, எம்.எஸ். சுப்புலட்சுமி 1974ல் வாங்கிய அதே விருது. அதே வருடம் செப்டம்பரில் அவர் எழுதிய பெருங்கொள்ளைச் சட்டத்தில் முதல் பெரிய மீன் தண்டனை பெற்றது: முன்னாள் அதிபர் ஜோசஃப் எஸ்ட்ராடா. (அடுத்த மாதமே மன்னிப்பும் கிடைத்துவிட்டது.) 2014ல் அதே சட்டத்தில் என்ரிலே கைதானார், பத்து வருடம் கழித்து நீதிமன்றம் அவரைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. தளங்களுக்கு எதிராக அவரோடு நின்ற 12 பேரில் இரண்டு பேர். மார்க்கோஸ் குடும்பத்தை மனதில் வைத்துச் செய்த வலை அது.

அமெரிக்கர்கள் திரும்பி வந்தார்கள், வேறு வாசல் வழியாக. 2014ல் போட்ட ஒப்பந்தத்தின்படி தளம் பிலிப்பைன்ஸ் ராணுவத்துடையது, அமெரிக்கப் படை அதற்குள் கட்டடம் கட்டலாம், ஆயுதம் வைக்கலாம், சுழற்சி முறையில் தங்கலாம். இது செனட்டுக்கே போகவில்லை, நிர்வாக ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டார்கள். எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் ரெனே சாகிசாக்கும் விக்பெர்ட்டோ டனியாடாவும் இருந்தார்கள், 1991ல் 'இல்லை' சொன்ன அதே இருவர். 2016 ஜனவரியில், செனட் ஒப்புதல் தேவையில்லை என்று தீர்ப்பு வந்தது. மார்ச் 10ம் தேதி சலோங்கா 95 வயதில் இறந்தார். அப்போது மணிலாவில் துணை அதிபர் தேர்தல் பிரச்சாரம் சூடாக நடந்துகொண்டிருந்தது, முன்னணி வேட்பாளர்களில் ஒருவர் மார்க்கோஸின் மகன். அந்தத் தேர்தலில் அவர் தோற்றார், 2022ல் அதிபரானார். 2023ல் அமெரிக்கப் படைகளுக்கு இன்னும் நான்கு இடங்களைத் திறந்துவிட்டது அவர் அரசுதான்.